பின்வாசலுக்கு வந்த மந்தை

எங்கள் ஊர் மேய்ச்சல் நிலமான பெருமந்தையைச் சுற்றி மத்திய அரசு முள்கம்பி வேலி போட்டு, இரும்புக் கேட்டில் பூட்டைத் தொங்கவிட்டுப் போன மறுநாள் காலையில், வேப்பங்கரட்டில் பின்வாசல் இருந்த நூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்கும் அந்த மந்தை வந்து சேர்ந்திருந்தது. முதலில் பார்த்தது யார் என்பதில் இன்றுவரை ஊருக்குள் தகராறு உண்டு. என் வீட்டைப் பொறுத்தவரை பார்த்தவள் என் மனைவி செண்பகம். முதல்நாள் பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்கதவைத் திறந்தவள், முருங்கை மரமும் துவைக்கிற கல்லும் இருக்க வேண்டிய இடத்தில் முந்நூற்று நாற்பது ஏக்கர் புல்லும் குடைவேல மரங்களும் காற்றும் நிற்பதைப் பார்த்துவிட்டு, கையில் இருந்ததைக் கீழே வைக்காமலே திரும்பி, "ஏங்க, மந்தை நம்ம வீட்டுக்கு வந்துருக்கு. பாத்திரத்த எங்க வச்சுக் கழுவ?" என்று கேட்டாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். மந்தைதான். வடக்கே கரடு, நடுவில் ஊருணி, ஊருணிக் கரையில் சாய்ந்து நிற்கும் ஒற்றைப் பனை, எல்லாம் அதது இருந்த இடத்தில் இருந்தது. மாறியிருந்தது நாங்கள் நிற்கிற இடம் மட்டும்தான். வலப்பக்கம் பார்த்தால், பக்கத்து வீட்டு ராக்கையா தன் பச்சைக் கதவில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். பத்தடி உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் வீடு, சுவர், கூரை எதுவும் தெரியவில்லை. மந்தையின் ஓரத்தில் நூற்றுப் பன்னிரண்டு கதவுகள் மட்டும் நிலையோடு வரிசையாக நின்றன, அவரவர் கதவை அவரவர் பெயின்ட்டை வைத்து அடையாளம் கண்டுகொள்ள வேண்டியிருந்தது. என்னுடையது ஊதா. "வந்துருச்சுய்யா" என்றார் ராக்கையா, வாயில் நுரையோடு. "கேட்டோம்ல, வந்துருச்சு" என்றேன் நான்.

எங்களுக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இருக்கவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. மூன்று வருஷம் அந்த நிலத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறோம், கலெக்டர் ஆபீஸ் வாசலில் கஞ்சி காய்ச்சியிருக்கிறோம், நாற்பத்தொரு நாள் பந்தலில் உட்கார்ந்திருக்கிறோம், ஐகோர்ட்டுக்கு அலைந்திருக்கிறோம். அரசாங்கம் எதற்கும் அசையவில்லை. நிலம் அசைந்தது. கூப்பிட்டுக்கொண்டே இருந்தோம், கடைசியில் வந்துவிட்டது, இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்றுதான் அன்றைக்குத் தோன்றியது.

என் பெயர் அய்யாத்துரை. தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கூடவே மனு எழுதிக் கொடுப்பேன். பெருமந்தை மீட்புக் குழு என்று ஒன்றை ஊர் கூடி ஆரம்பித்தபோது, தலைவராக ராக்கையாவையும், எழுதத் தெரிந்தவன் என்பதால் செயலாளராக என்னையும் போட்டார்கள். குழுவின் அத்தனை மனுக்களும் என் கையெழுத்தில்தான் போயின. அந்த நிலத்தைப் பற்றி என்னைவிட அதிகமாக எழுதியவன் யாருமில்லை. அதை எழுதியே தொலைத்தவனும் நான்தான்.

வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையின்போது விமானம் இறங்க இடம் வேண்டும் என்று எங்கள் மேய்ச்சல் மந்தையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு விமானம்கூட இறங்குவதற்குள் சண்டை முடிந்துபோனது. வெள்ளைக்காரன் போகும்போது திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டான், நாங்களும் கேட்க மறந்துவிட்டோம். அதன் பிறகு எண்பது வருஷம் அங்கே ஆடு மேய்ந்தது, மாடு மேய்ந்தது, பொங்கலுக்கு மஞ்சுவிரட்டு நடந்தது, அய்யனாருக்குக் கிடா வெட்டினோம், விறகு பொறுக்கினோம், கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனவர்கள் அங்கேதான் போய் உட்கார்ந்தார்கள். காகிதத்தில் மட்டும் அது மத்திய அரசின் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று கைமாறிக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஜீப்பில் வந்து இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரு போர்டை நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் முதல் மனுவே அந்தப் போர்டைப் பற்றித்தான்: உள்ளே நுழையக் கூடாது என்பதைத் தமிழில் எழுதுங்கள், மீறுவதற்காவது எங்களுக்குப் புரிய வேண்டாமா என்று கேட்டிருந்தேன். பதில் வந்தது. அதுவும் இந்தியில் வந்தது.

இங்கே குருவம்மாவைச் சொல்ல வேண்டும். புருஷன் செத்து இருபது வருஷம், பிள்ளை இல்லை, நாற்பத்து மூன்று செம்மறி, மந்தை ஓரத்தில் ஒரு குடிசை, அவ்வளவுதான் குருவம்மா. எங்கள் எல்லோருக்கும் அந்த நிலம் உரிமை, மானம், கோஷம். அவளுக்கு அது ஆட்டுக்குப் புல். பந்தலில் முதல் நாள் உட்கார்ந்ததும் அவள்தான், கடைசி நாள் எழுந்ததும் அவள்தான். புல்டோசர் வந்த அன்று நாங்கள் ரோட்டோரம் நின்று "மந்தை எங்கள் மந்தை" என்று கத்திக்கொண்டிருந்தபோது, அவள் ஆடுகளைப் பத்திக்கொண்டு போய் அதன் முன்னால் படுக்கவைத்து, நடுவில் தானும் படுத்துக்கொண்டாள். அப்புறம் தடியடி நடந்தது. என் மண்டைக்கு வந்த அடியைக் குறுக்கே பாய்ந்து கையில் வாங்கினாள். மணிக்கட்டு எலும்பு கோணலாகக் கூடியது, அந்தக் கையால் அதன் பிறகு அவளால் ஒரு சொம்பைக்கூட நேராகத் தூக்க முடியவில்லை. "எழுதுற தலைடா அது. எங்கைய்யி மேய்க்கிற கைதான, கம்பு புடிக்க ஒண்ணு போதும்" என்று சொன்னாள்.

வேலி போட்டபோது அவளுடைய குடிசையைப் பிரித்து வெளியே எறிந்தார்கள். பஸ் நிறுத்தத்து நிழற்குடையில் ஒண்டிக்கொண்டாள், ஆடுகள் அதன் முன்னால் படுத்தன. நிழற்குடைக்குப் பின்வாசல் கிடையாது. ஆகவே மந்தை அவளிடம் மட்டும் வரவில்லை.

வந்த புதிதில் ஊர் இருந்த இருப்பைச் சொல்லி முடியாது. பெண்கள் முன்வாசலை மறந்தே போனார்கள். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் குழம்பு கொண்டு போவதென்றால் மந்தை வழியாகத்தான் போனார்கள், போன இடத்தில் ஊருணிக் கரையில் உட்கார்ந்து பேசிவிட்டுக் குழம்பு ஆறிப்போய்த் திரும்பி வந்தார்கள். சாயங்காலமானால் அடுப்படிக்குள் மந்தைக் காற்று வந்து விளக்கை அணைத்தது, செண்பகம் அதைத் திட்டிக்கொண்டே கதவைத் திறந்து வைத்தாள். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் தண்ணீர் கேட்டு அடுப்படி வரைக்கும் வந்து, பின்பக்கம் எட்டிப் பார்த்து, "இது எந்த சர்வே நம்பர்ல வருது?" என்று மட்டும் விசாரித்துவிட்டுப் போனார். பேச்சு வார்த்தை இல்லாத அண்ணன் தம்பிகள் மந்தையில் எதிரெதிரே வர நேர்ந்து, வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள்.

வேலிக்குள் என்ன ஆயிற்று என்றால், வேலி வெளியே அப்படியேதான் இருந்தது, சுற்றி நடந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கேட்டைத் திறந்து உள்ளே போனால் நாலாவது எட்டில் எதிர்ப்பக்கத்துக் கம்பி சட்டையைக் கிழித்தது. டேப் வைத்து அளந்தார்கள், முக்காலியில் கருவி வைத்து அளந்தார்கள், வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்த்தார்கள், எப்படி அளந்தாலும் நாலு எட்டுத்தான். முந்நூற்று நாற்பது ஏக்கர் எங்கே என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது, அதற்குப் பதில் எழுத முடியாமல் ஒரு சர்வேயர் மெடிக்கல் லீவில் போய்விட்டார். டீக்கடையில் ஒருவாரம் இதே சிரிப்பு. அத்தனை சிரிப்பு ஊருக்கு ஆகாது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

குருவம்மா ஆடு மேய்க்க வேண்டுமென்றால் யார் வீட்டு வழியாகவாவதுதான் மந்தைக்குள் போக வேண்டும். முன்வாசலில் நுழைந்து, கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்வாசலில் இறங்க வேண்டும், நாற்பத்து மூன்று ஆட்டோடு. முதல் பத்து நாள் எங்கள் வீட்டு வழியாகப் போ, எங்கள் வீட்டு வழியாகப் போ என்று போட்டி. ஆட்டுக்குளம்பு பட்டால் வீடு துலங்கும் என்றார்கள். வாசலில் கோலம் போட்டு வைத்து, ஆடு மிதித்து அழிந்த கோலத்தைப் பெருமையாகக் காட்டினார்கள். ஒரு வீட்டில் ஆடு ரேஷன் கார்டைத் தின்றுவிட்டது, அதற்குக்கூட அவர்கள் சிரித்தார்கள்.

பதினோராம் நாள் யாரோ புழுக்கை நாறுகிறது என்றார்கள். மறுநாள் இன்னொருவர் வீட்டில் மாப்பிள்ளை வந்திருந்தார். மாவாட்டி வைத்த சட்டியில் ஆட்டு மயிர் கிடந்தது என்று ஒரு சண்டை வந்தது. நான் குழுவைக் கூட்டி முறை வைத்தேன், ஒருநாள் ஒரு வீடு என்று சார்ட் பேப்பரில் அழகாகக் கட்டம் போட்டு எழுதிக் கோயில் சுவரில் ஒட்டினேன். ஒரு மாதத்தில் ஒவ்வொரு வீடாகக் கழன்றது. ஒரு வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தாள், ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பரீட்சை, டைல்ஸ் போட்ட வீட்டுக்காரர்கள் ஆடு வழுக்கி விழுந்து கால் ஒடிந்துவிடுமே என்று ஆட்டின் மேல் இரக்கப்பட்டு மறுத்தார்கள். கடைசியில் என் வீடு ஒன்றுதான் மிச்சம். "அந்தக் கைய நெனச்சுப் பாத்தா எப்பிடிங்க வேணாம்னு சொல்றது" என்று செண்பகம் தினமும் அடுப்படியைக் கழுவிவிட்டாள்.

குருவம்மாவுக்கு ஒரு குடிசையும் அதற்கு ஒரு பின்கதவும் போட்டுக் கொடுத்தால் தீர்ந்தது. அதை அவளே என்னிடம் கேட்டாள். குழுவில் பேசுவோம் அக்கா என்றேன். பேசினோம். பேசியதோடு சரி.

இதற்கிடையில் ராக்கையா தன் கதவுக்கு எதிரே நாலு கத்தரிச் செடி வைத்தார். ஆடு தின்றுவிடக் கூடாதே என்று சுற்றிக் கருவேல முள்ளை வெட்டி அடைத்தார். அதைப் பார்த்து அடுத்த வீட்டுக்காரர் வெண்டை வைத்தார், அவர் அடைத்த முள் இரண்டடி தள்ளி இருந்தது. அப்புறம் செடி வைக்காதவர்களும் முள் அடைத்தார்கள். தன் கதவுக்கு நேர் எதிரே இருப்பது தன்னுடையது என்று எல்லோருக்கும் எப்படியோ தெரிந்திருந்தது. நானும் அடைத்தேன், ஆடு போக ஒரு கடவு விட்டுத்தான் அடைத்தேன் என்று அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கிருபானந்தம் வந்தார். வேலி போட்ட மத்திய அரசுத் துறையின் அதிகாரி, திருச்சிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர். கோபமே வராது. எங்கள் வீட்டில் உட்கார்ந்து செண்பகம் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக மந்தையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"சார், எங்களுக்கும் உங்களுக்கும் எதுக்கு வம்பு?" என்றார். "வேலிக்குள்ள இருக்கற நிலம் மத்திய அரசோடதுன்னு ஊர் ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க. உங்க பின்வாசல்ல இருக்கறத, வீட்டுக்கு மூணு ஏக்கர்னு பிரிச்சு, அவங்கவங்க பேர்ல பட்டா வாங்கித் தர்றது என் பொறுப்பு."

"வேலிக்குள்ள நாலு எட்டுத்தான சார் இருக்கு?" என்றேன்.

"அதனாலதான் கேக்கறேன். அது இருந்தா என்ன, போனா என்ன?"

அவர் போனதும் நாங்கள் சிரித்தோம். மத்திய அரசை ஏமாற்றப் போகிறோம் என்று நிஜமாகவே நம்பினோம். நாலு எட்டு நிலத்தைக் கொடுத்துவிட்டு முந்நூற்று நாற்பது ஏக்கரை வாங்கிக்கொள்ளப் போகிறோம். இத்தனை மனு எழுதியவன், ஒரு வாக்கியத்தில் எந்தச் சொல் எதை விழுங்கும் என்று தெரிந்தவன், நானே அவர் கொடுத்துவிட்டுப் போன காகிதத்தைப் படித்துவிட்டு ஊரில் பரவாயில்லை என்று சொன்னேன். சொன்ன வாயை இப்போது என்ன செய்வது.

பங்கு பிரிக்க ஊர் கூடியது. எங்கள் ஊரில் எதைப் பிரித்தாலும் அய்யனார் கோயில் கறியைப் பிரிக்கிற மாதிரிதான் பிரிப்போம். கிடா வெட்டி, கறியைக் கூறு கூறாக இலையில் வைத்து, தலைக்கட்டுக்கு ஒரு கூறு. கல்யாணமான ஆம்பிளை இருக்கிற வீடு ஒரு தலைக்கட்டு. பிள்ளை இல்லாத விதவை தலைக்கட்டு ஆக மாட்டாள். ஆளுக்கு ஒரு கைப்பிடி அள்ளி அவள் பாத்திரத்தில் போடுவது வழக்கம். வருஷா வருஷம் அந்தக் கிடாயைக் கொடுப்பது குருவம்மாதான். இதில் தப்பு இருக்கிறது என்று அவளுக்கும் தோன்றியதில்லை, எங்களுக்கும் தோன்றியதில்லை. ராக்கையா தலைக்கட்டுப் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நூற்றுப் பன்னிரண்டு பெயரும் முடிந்ததும் கூட்டத்தின் பின்னாலிருந்து குருவம்மா எழுந்தாள்.

"எங்கூறு எங்க?"

"ஒனக்கு யாரு ஆத்தா இல்லேன்னா?" என்றார் ராக்கையா. "கறிக்கு எப்பிடியோ அப்பிடித்தான். எல்லாரு கூறுலயும் ஒரு கைப்பிடி மேச்சுக்கோ."

"கூறுகூறா முள்ளடைச்சிருக்கே."

"கேட்டா தொறந்து விட்டுட்டுப் போறாக."

அவள் என் பக்கம் திரும்பினாள். "தம்பி, அய்யாத்துர. நீ எழுதுறவன். நீ ஒரு வார்த்த சொல்லு."

"ஊரு முடிவுக்கா" என்றேன். "நான் எழுத மட்டுந்தான் செய்றேன்."

அவள் சண்டை போடவில்லை. என் கையில் இருந்த பேனாவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஆடு தண்ணீர் குடிக்கிற நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். நாங்கள் கையெழுத்துப் போட்டோம், கைநாட்டு வைப்பவர்கள் வைத்தார்கள். மை காய்வதற்குள் கிருபானந்தம் அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவள் வழக்கம்போல் எங்கள் வீட்டு வழியாக ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள். செண்பகம் கொடுத்த நீராகாரத்தை நின்றபடியே குடித்தாள். "இந்தப் பக்கமெல்லாம் முள்ளு. ஊருணிக்கு அங்கிட்டுப் போனாத்தான் நாலு வாய் புல்லு கெடைக்கும். பொழுது சாய வந்துருவேன்" என்றாள்.

"வாங்கக்கா. நான் வீட்டுலதான் இருப்பேன், தொறந்து விடுறேன்."

இது நான் சொன்னது. யாரும் என்னைச் சொல்லச் சொல்லவில்லை.

மத்தியானம் கிருபானந்தம் ஆட்களோடு வந்தார். நாளைக் காலை அளவு, இன்று ஆறு மணிக்கு எல்லாப் பின்கதவுகளும் பூட்டியிருக்க வேண்டும், அளந்து முடியும்வரை உள்ளே மனுஷரோ மிருகமோ இருக்கக் கூடாது, இடையில் எந்தக் கதவு திறக்கிறதோ அந்த வீட்டுக்குப் பட்டா கிடையாது என்றார். ஒரு அம்மா ஆட்டோடு உள்ளே இருக்கிறாள் என்று நான் சொன்னேன். "ஆறு மணிக்குள்ள வந்துருவாங்கல்ல?" என்றார். "அப்படியே லேட்டானாலும் இத்தனை வீட்ல யாராவது ஒருத்தர் விட்ர மாட்டாங்களா சார்?"

நான் பின்வாசலில் நின்று இரண்டு தடவை கூப்பிட்டேன். காற்று எதிர்ப்பக்கமாக அடித்துக்கொண்டிருந்தது. முள் அடைப்புகளைத் தாண்டிப் போய்த் தேடியிருக்கலாம், வேட்டி கிழிந்திருக்கும், அவ்வளவுதான். ஆறு மணிக்கு ஊர் முழுக்கத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் வடக்குத் தெருவிலிருந்து தெற்குத் தெரு வரைக்கும் வரிசையாகக் கேட்டது. கிருபானந்தத்தின் ஆட்கள் இரண்டு பேர் பெயர்ப் பட்டியலோடு தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள்.

முள் அடைப்பு ஒவ்வொன்றையும் பிரித்து, ஆடுகளை விட்டு, பிறத்தியார் கூறு ஆயிற்றே என்று மறுபடி ஒழுங்காக அடைத்துவிட்டு வந்ததில் அவளுக்கு நேரமாகியிருக்க வேண்டும். ஆறேகால் போல முதல் கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டுக்காரர் அடுத்த வீட்டில் திறப்பார்கள் என்று நினைத்தார். அடுத்த வீட்டுக்காரர் அதற்கடுத்த வீட்டை நினைத்தார். டைல்ஸ் போட்ட வீட்டில் தூங்குவதுபோல் இருந்துவிட்டார்கள். பரீட்சை எழுதிய பிள்ளையின் வீட்டில் டிவியைச் சத்தமாக வைத்தார்கள். ராக்கையா, எனக்கு வயதாகிவிட்டது, மூன்று ஏக்கரை வைத்து நான் என்ன செய்யப் போகிறேன், திறந்துவிடலாம் என்று எழுந்தாராம், பிறகு மகன்களை நினைத்து உட்கார்ந்துவிட்டாராம். எல்லோருக்கும் ஆடுகள் கத்தியது கேட்டது, கதவு தட்டியது கேட்டது, பிறகு ஓய்ந்ததும் கேட்டது. ஓய்ந்தபோது, அப்பாடா, யாரோ திறந்துவிட்டார்கள் என்று மற்ற நூற்றுப் பதினோரு வீட்டிலும் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். என் வீட்டில் நடந்ததைக் கடைசியில் சொல்கிறேன்.

காலையில் கதவைத் திறந்தால் மந்தை இல்லை. முருங்கை மரம் இருந்தது, துவைக்கிற கல் இருந்தது, பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தது. ஊரே வேலியைப் பார்த்து ஓடினோம். கம்பிக்கு அந்தப் பக்கம் கரடு, ஊருணி, சாய்ந்த பனை, முந்நூற்று நாற்பது ஏக்கரும் குறையாமல் இருந்தது. நாங்கள் அடைத்த முள்கூட நாங்கள் அடைத்தபடியே இருந்தது. ஒரு ஆடு இல்லை. குருவம்மா இல்லை. கிருபானந்தம் எங்களுக்காகப் பாவப்பட்டு ஆள் விட்டு இரண்டு நாள் தேடச் சொன்னார், ஒரு புழுக்கைகூட அகப்படவில்லை. "நிலம் எங்க போனாலும் கையெழுத்து இருக்கற எடத்துக்குத் திரும்பி வந்துரும் சார், என் சர்வீஸ்ல பாத்துருக்கேன்" என்று மட்டும் சொன்னார். வாக்குக் கொடுத்தபடி பட்டாவும் வந்தது, பின்வாசலில் உள்ளது அவரவருக்கு என்று. எங்கள் கொல்லைப்புறங்களுக்கு நாங்களே பட்டா வாங்கியிருக்கிறோம்.

அவள் உங்கள் வீட்டு வழியாக வரவில்லையா, உங்கள் வீட்டு வழியாக வரவில்லையா என்று நாலைந்து நாள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டோம். பிறகு கேட்பதை விட்டுவிட்டோம். போராட்டம், கோஷம் எல்லாம் அதோடு முடிந்தது. யாராவது எழுந்து "மந்தை எங்கள் மந்தை" என்று ஆரம்பித்தால் அடுத்த வரி யாருக்கும் வருவதில்லை. காணாமல் போனவர் என்று ஸ்டேஷனில் கொடுக்க ஒரு மனு எழுதினேன். கடைசியாகப் பார்த்த இடம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அது இன்னும் என் கடை மேஜைக்குள்தான் கிடக்கிறது.

எங்கள் கதவை அவள் தட்டவில்லை. ஊருணிக்கு அங்கிட்டிருந்து கதவு வரிசையின் மறுகோடியில் வந்து ஏறியவள், வழியில் இருந்த எல்லாக் கதவுகளையும் தட்டி முடித்துவிட்டு ஊதாக் கதவுக்கு வந்தாள். பிள்ளைகள் தூங்கும் வீட்டில் கூப்பிடுகிறவளைப் போல மெதுவாக, "தம்பி, அய்யாத்துர, நாந்தான்" என்றாள். நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். செண்பகம் ஓடிவந்து தாழ்ப்பாளில் கை வைத்தாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தெருவில் அந்த ஆட்களின் செருப்புச் சத்தம் கேட்டது. போகட்டும், அவர்கள் தெருமுனை திரும்பட்டும், அப்புறம் திறப்போம் என்று நினைத்தேன். திரும்பினார்கள், அப்போதும் நான் கையை விடவில்லை. செண்பகம் என் முகத்தைப் பார்த்தாள், இன்றுவரை அப்படித்தான் பார்க்கிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் ஆடுகள் மூச்சுவிடுகிற சத்தம் மட்டும் இருந்தது. பிறகு குருவம்மா ஆடுகளிடம், "தம்பி வீட்டுல இல்ல போலருக்கு. இருந்தா தொறந்துருப்பான்" என்று சொல்லிவிட்டு அவற்றைத் திருப்பிக்கொண்டு நடந்தாள்.